காற்று எந்தப் பக்கம்? மான் வேட்டை பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நான் மான் வேட்டைக்குப் போகும் நவம்பர் நாட்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் குழு ஒரே கட்டாக அனுப்பிவைத்தது. பாராட்டியவர்கள் உண்டு, கோபித்துக்கொண்டவர்கள் உண்டு, கறி எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டவர்கள் நிறையப் பேர். எல்லாவற்றையும் படித்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

முதல் கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக: நான் அருப்புக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். 2004-ல் மேடிசன் நகருக்கு வந்தேன், ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. உடன் வேலை பார்க்கும் தோழியின் அப்பாவுக்கு டாட்ஜ்வில் ஊருக்குப் பக்கத்தில் பழைய பால் பண்ணை ஒன்று இருக்கிறது. 2011-லிருந்து ஒவ்வோர் ஆண்டும் அங்கேதான் என் வேட்டை. அந்தப் பெரியவர்தான் எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர்.

மானைப் பார்த்தால் தூக்கிக் கொஞ்சத் தோன்றுகிறது. அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டே சுட உங்களுக்கு எப்படி மனசு வருகிறது அக்கா? (மதுரை வாசகி)

நிறையப் பேர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் தாத்தா ஆடு மேய்த்தவர். குட்டியாக இருந்தபோது என் மடியில் தூங்கிய கிடாயைக் கோயில் கொடையில் வெட்டினார்கள். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை, அடுத்த வருடம் சாப்பிட்டேன். கறி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு ஏழு வயதில் தெரிந்துவிட்டது. மேடிசனுக்கு வந்து கடையில் பிளாஸ்டிக் தட்டில் சுற்றி வைத்த கறியை வாங்க ஆரம்பித்தபோதுதான் ஏதோ ஒன்றை மறைத்து வைத்திருப்பது போல உறுத்தியது.

முதல் வருடம் நான் சுடவே இல்லை. 40 மீட்டரில் ஒரு பிணைமான் வந்து நின்றது. துப்பாக்கியைத் தூக்கினேன், கை நடுங்கியது, இறக்கிவிட்டேன். பெரியவர் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டே மரத்தில் கட்டிய பரணிலிருந்து இறங்கினேன். "நடுங்கும்போது இறக்கத் தெரிகிறதே, அப்படியானால் அடுத்த வருடமும் வா" என்றார். அடுத்த வருடம் போனேன், சுட்டேன். விழுந்த மானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பதினைந்தாவது மானுக்குப் பிறகு அழுகை வருவதில்லை. ஆனால் கிட்டே போய் அதன் கழுத்தில் கை வைத்து ஒரு நிமிடம் உட்காராமல் கத்தியை எடுத்ததும் இல்லை. அந்த ஒரு நிமிடம் வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிற வருடம் வந்தால் துப்பாக்கியை யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

காட்டின் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே மானைத் தின்ற ஓநாயையும் மலைச் சிங்கம் எனப்படும் பூமாவையும் மனிதர்கள் ஒழித்துவிட்டார்கள். 1960 வாக்கில் விஸ்கான்சினில் ஓநாயே இல்லாமல் போனது. பிறகு தானாக வந்து சேர்ந்த ஓநாய்கள் பெரும்பாலும் வடக்கே இருக்கின்றன, எங்கள் தெற்குப் பகுதியில் மானுக்கு எதிரி என்று பெரிதாக எதுவும் இல்லை. மாநிலம் முழுக்க 15 லட்சத்துக்கும் மேல் வெள்ளைவால் மான்கள். காட்டில் ஓக் மரக் கன்றுகள் முழங்கால் உயரம் தாண்டுவதற்குள் நுனியைக் கடித்துவிடுகின்றன. சாலையில் ஆண்டுக்கு 15,000 வாகனங்களுக்கு மேல் மானில் மோதுகின்றன. வண்டியில் அடிபட்டு இடுப்பு உடைந்து பள்ளத்தில் இரண்டு நாள் கிடக்கிற மானை நான் பார்த்திருக்கிறேன். என் தோட்டா அதைவிட இரக்கமானது என்று நம்புகிறேன். நீங்களும் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா? எங்கிருந்து தொடங்குவது? (சிகாகோ, பெயர் வேண்டாம்)

இதைக் கவனமாகப் படியுங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். அதில் ஒரு விலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை இல்லை. "நண்பனுடைய துப்பாக்கிதானே, ரேஞ்சில் இரண்டு குண்டு சுட்டுப் பார்ப்போமே" என்று உரிமம் வாங்குவதற்கு முன்பே போய் நிற்காதீர்கள். முதலில் பாதுகாப்பு வகுப்பு, அப்புறம் உரிமம், அதன் பிறகுதான் துப்பாக்கி. உரிமம் எந்தத் தேதியில் முடிகிறது என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நீங்கள் இல்லினாய் வாசி என்பதால் அந்த மாநிலத்தின் எஃப்ஓஐடி என்னும் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டையும் தனியாக வேண்டும். விசா விஷயம் என்பதால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுவதே நல்லது. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. வில்லும் அம்பும் இந்தச் சட்டத்தில் துப்பாக்கிக் கணக்கில் வராது, அதனால் என் நண்பர்கள் சிலர் வில்லில்தான் தொடங்கினார்கள்.

விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருந்தால்தான் தனியாக உரிமம் வாங்க முடியும். ஒரு மாநிலத்தின் சான்றிதழை மற்ற மாநிலங்களும் ஏற்கும். நான் படித்த வகுப்பில் என்னைச் சுற்றிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே நினை. குழலைப் பாதுகாப்பான பக்கமே காட்டு. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். சுடும் நொடிவரை விசையில் விரல் வைக்காதே. இந்த நான்கும் வாயில் வராமல் வகுப்பை விட்டு வெளியே வர முடியாது. உரிமம் மாநில வாசிகளுக்கு 24 டாலர், வெளி மாநிலத்தவருக்குப் பல மடங்கு.

ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறீர்களே, மான் பார்த்து ஓடாதா? (தஞ்சாவூர்)

ஓடாது. மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கலாகத்தான் தெரியும். நீலம்தான் பளிச்சென்று தெரியும், அதனால் ஜீன்ஸ் போடக் கூடாது. துணியை வெளுப்பாக்கும் சோப்புத்தூளில் வேட்டை உடுப்பைத் துவைக்கவும் கூடாது. ஆரஞ்சு மற்ற வேட்டைக்காரர்களுக்காக. இடுப்புக்கு மேலே பாதிக்குக் குறையாமல் அந்த நிறம் இருக்க வேண்டும், தொப்பி போட்டால் அதிலும் பாதி. 2016-லிருந்து பளீர் இளஞ்சிவப்பும் செல்லும். நான் ஆரஞ்சுதான்.

மான் எந்தப் பக்கம் வரும் என்று எப்படித் தெரிகிறது? அதிர்ஷ்டம்தானே? (ஈரோடு)

அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் துப்பாக்கி சீசன் ஒன்பதே நாள். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அந்த ஒன்பது நாளுக்கு நான் ஆகஸ்டிலிருந்தே நடக்கிறேன்.

முதலில் பார்ப்பது தீனி. எங்கள் பக்கம் மலைச்சரிவில் ஓக் மரங்கள், பள்ளத்தில் சோளம், நடுவில் முள்ளும் புதரும். ஓக் கொட்டை நிறைய விழுகிற வருடத்தில் மான் சோளத்தை எட்டிப் பார்க்காது, மரத்தடியிலேயே மேய்ந்து மேட்டுப் புதருக்குள் படுத்து அசை போடும். என் தாத்தா ஆட்டுப் புழுக்கையைக் காலால் நசுக்கிப் பார்த்து, எப்போது இந்த வழியாகப் போயிருக்கும் என்று சொல்வார். அந்தப் பழக்கம் இங்கே எனக்கு அப்படியே உதவியது. புழுக்கை பளபளவென்று ஈரமாக இருந்தால் இன்று காலை. அக்டோபர் கடைசியில் ஆண்மான் இளம் மரங்களில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்திருக்கும், தாழ்ந்த கிளைக்குக் கீழே குளம்பால் தரையைச் சீய்த்து அதில் சிறுநீர் விட்டிருக்கும். நவம்பர் முதல் பாதி அதன் இணைசேரும் காலம், அப்போது பட்டப்பகலில்கூட அலையும். துப்பாக்கி சீசன் வரும்போது அந்த வேகம் வடிய ஆரம்பித்திருக்கும். அதனால் ஆண்மான் எங்கே அலைகிறது என்று பார்ப்பதைவிட, பிணைமான் எங்கே மேய்கிறது என்று பார்ப்பதே பயன்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் காற்று தப்பினால் எல்லாம் வீண். மானின் கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. பண்ணையில் எனக்கு மூன்று பரண்கள். ட்ரீ ஸ்டாண்ட் என்று இங்கே சொல்வதை நான் பரண் என்றே சொல்கிறேன், தினைப்புனம் காத்த அதே பரண்தான், கிளிக்குப் பதில் மான். வடமேற்குக் காற்றுக்கு ஒரு பரண், தெற்குக் காற்றுக்கு ஒன்று, மூன்றாவது எதற்கும் அவ்வளவாக ஒத்துவராதது. காலையில் நான் முதலில் செய்வது, வாசலில் நின்று விரல் நுனியில் கொஞ்சம் மாவு எடுத்து ஊதிப் பார்ப்பதுதான். காற்று சரியில்லை என்றால் அந்தப் பரணுக்குப் போகவே மாட்டேன். போனால் அன்று மட்டும் கெடாது, அந்த இடமே மூன்று நாள் கெட்டுப்போகும்.

பரண் பற்றி இன்னொன்று. இங்கே மான் வேட்டையில் அடிபடுகிறவர்களில் பலர் பரணிலிருந்து விழுந்தவர்கள். எங்கள் பெரியவர் அறுபது வயதில் பனி படிந்த ஏணிப்படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து நான்கு மாதம் படுத்திருந்தார். தரையை விட்டுக் காலை எடுக்கும்போதே உடலில் வாரைப் பூட்டிவிடுங்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். குண்டை எடுத்துவிட்டுக் கயிற்றில் கட்டுங்கள், மேலே போன பிறகு இழுத்துக்கொள்ளுங்கள்.

சுட்ட மான் விழாமல் ஓடிவிட்டால் என்ன செய்வீர்கள்? (கோயம்புத்தூர்)

என்னைத் தூங்கவிடாத ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாவது வருடம். சாயங்காலம் நாலேகால் மணி. சூரியன் மறைந்து 20 நிமிடம்வரைதான் சுடலாம். நேரம் போகிறதே என்ற அவசரத்தில், நடந்துகொண்டிருந்த ஒரு பிணைமானைச் சுட்டேன். அது முதுகைக் குறுக்கிக்கொண்டு மெதுவாகப் புதருக்குள் போனது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நெஞ்சில் பட்ட மான் பின்னங்காலை உதறிவிட்டுப் பாய்ந்து ஓடும், பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் விழும். முதுகைக் குறுக்கினால் வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நான் இறங்கி உடனே பின்னால் போனேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. படுத்த மான் என் காலடி கேட்டு எழுந்தது, அடுத்தவர் நிலத்துப் பள்ளத்துக்குள் போய்விட்டது.

பெரியவர் டார்ச்சோடு வந்தார். இலையில் இருந்த ரத்தத்தை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். இளஞ்சிவப்பாக நுரையோடு இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துப் போனால் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், மூன்று நான்கு மணி நேரம். இது பச்சை கலந்து சாண வாடை அடித்தது. "இனி காலையில்தான்" என்று சொல்லி என்னைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார். பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டு உள்ளே வர அனுமதி கேட்டார். விடிந்ததும் ஆறு பேர் தேடினோம், எட்டு மணிக்குக் கண்டுபிடித்தோம். கயோட்டி என்னும் நரி போன்ற காட்டு விலங்குகள் பின்தொடை இரண்டையும் தின்றிருந்தன.

அந்த வருடம் அதோடு என் வேட்டை முடிந்தது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்றிலிருந்து நடக்கிற மானைச் சுடுவதில்லை, கடைசி கால் மணி நேரத்தில் சுடுவதில்லை. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ்ப் பாதியில், இதயமும் நுரையீரலும் இருக்கும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடம். அது பக்கவாட்டில் திறந்து தெரிந்தால் மட்டும்தான். துப்பாக்கி என்னுடையது .243 என்னும் சிறு தோட்டா ரகம், உதை குறைவு. சீசனுக்கு முன்னால் ரேஞ்சில் 100 கஜ தூரத்தில் ஐந்து குண்டையும் என் உள்ளங்கை அளவு இடத்துக்குள் சுட்டு அடக்கிய பிறகுதான் பண்ணைக்கே போவேன். நூறுக்கு மேலே நின்றால் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

மான்களுக்கு ஏதோ மூளை நோய் என்று படித்தேன். சாப்பிடலாமா? (மேடிசனிலேயே இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம்)

சிடபிள்யூடி என்கிற நோய். பிரியான் என்னும் புரதம் கெட்டுப்போய் மூளையை அரிக்கும். விஸ்கான்சினில் 2002-ல் கண்டுபிடித்தார்கள், அதுவும் எங்கள் தென்மேற்குப் பகுதியில்தான். இன்றும் அதிகம் இருப்பது இங்கேதான். நோய் முற்றினால்தான் மான் மெலிந்து, தலை தொங்கி, எச்சில் வடிய நிற்கும். அதற்கு முன்பு பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும், கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. மாநில இயற்கை வளத் துறை இலவசமாகச் சோதித்துத் தருகிறது: தலையைக் கழுத்தோடு வெட்டி, அவர்கள் வைத்திருக்கும் பெட்டியில் சீட்டு எழுதிப் போட வேண்டும், கழுத்திலுள்ள நிணநீர்க் கட்டிகளை எடுத்துப் பார்ப்பார்கள். முடிவு வர இரண்டு வாரம்போல ஆகும். அதுவரை ஒவ்வொரு மானின் கறியையும் தனித்தனியாகப் பெயர் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள், கலந்துவிடாதீர்கள். முதுகுத்தண்டை அறுக்காமல் எலும்பிலிருந்து கறியை மட்டும் உரித்தெடுங்கள்.

ஒரு வருடம் எனக்கு முடிவு 'உண்டு' என்று வந்தது. 24 கிலோ கறி. பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, மேலே தேதி எழுதி, பொங்கலுக்கு யார் யாருக்குக் கொடுப்பது என்று கணக்குகூடப் போட்டு வைத்திருந்தேன். எல்லாவற்றையும் குப்பைக் கிடங்குக்குப் போகும் பையில் போட்டேன். அந்த மானிடம் மன்னிப்புக் கேட்டேன், வேறென்ன செய்ய? பக்கத்து வீட்டில் ஒருவர் சோதிக்காமலே சாப்பிடுகிறார், இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை என்கிறார். உங்கள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தலையைப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

எங்கள் ஊரில் மான் வந்து பயிரை மேய்கிறது. நாங்களும் சுடலாமா? (திருநெல்வேலி மாவட்ட விவசாயி)

கூடாது ஐயா. இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், சிறைத் தண்டனை உண்டு. வலை, சுருக்கு எல்லாமே அதில் அடங்கும். பயிர்ச் சேதத்தை வனத்துறையிடம் எழுதிக் கொடுத்து இழப்பீடு கேளுங்கள். நான் எழுதுவதெல்லாம் இந்த ஊர்ச் சட்டத்துக்குள், இந்த ஊர் மான் கணக்குக்குள் மட்டும்தான் பொருந்தும்.

டெக்சாஸில் நம் ஊர்ப் புள்ளிமானையே சுடுகிறார்களாமே, உண்மையா? (டாலஸ்)

உண்மைதான். 1932-ல் புள்ளிமானை டெக்சாஸுக்குக் கொண்டுவந்தார்கள். வேலிக்குள் வளர்த்தவை தப்பித்து, இப்போது ஹில் கன்ட்ரி பகுதியில் சுதந்திரமாகப் பெருகிக் கிடக்கின்றன. ஆக்சிஸ் டீர் என்று பெயர். வெளியிலிருந்து வந்த விலங்கு என்பதால் அதற்கு வேட்டைப் பருவம் என்று எதுவும் இல்லை, மாநில உரிமமும் நிலத்துக்காரர் அனுமதியும் இருந்தால் வருடம் முழுக்கச் சுடலாம். ஹவாய்க்கு அதற்கும் முன்பே, 1868-ல், ஐந்தாம் கமேஹமேஹா அரசருக்குப் பரிசாகப் போனது. நம் காட்டில் புலியும் செந்நாயும் பார்த்துக்கொள்கிற வேலையைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. அதனால் அந்தத் தீவுகளில் மேய்ச்சலையும் தோட்டத்தையும் மொட்டையடித்து விடுகின்றன.

ஒரு நண்பர் கூப்பிட்டு ஒருமுறை டெக்சாஸ் போனேன். மாலை வெயிலில் புள்ளி மின்ன ஒரு ஆண்மான் வந்து நின்றது. கிண்டியில் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த அதே முகம். நான் சுடவில்லை. தத்துவம் ஒன்றும் இல்லை, முடியவில்லை. நண்பர் சுட்டார், கறியை நான் சமைத்தேன். வெள்ளைவால் மானைவிட அந்தக் கறி மென்மை, வாடையே இல்லை.

அது செவ்விந்தியர்களின் மண் இல்லையா? அவர்களுக்கு வேட்டை உரிமை உண்டா? (புதுச்சேரி)

உண்டு. விஸ்கான்சினின் வடக்கில் ஒஜிப்வே மக்கள் 1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தார்களே தவிர, அங்கே வேட்டையாடும் மீன்பிடிக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. மாநிலம் அதை மதிக்காமலே நூறு வருடத்துக்கு மேல் ஓட்டியது. 1983-ல் நீதிமன்றம் அந்த உரிமை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. மானுக்கு அவர்கள் மொழியில் வாவாஷ்கேஷி என்று பெயர். நான் வேட்டையாடும் தென்மேற்குப் பகுதி ஹோ-சங்க் மக்களின் மண். அவர்களை அங்கிருந்து திரும்பத் திரும்ப விரட்டினார்கள், திரும்பத் திரும்ப நடந்தே வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு சீசனிலும் பரணில் உட்காரும்போது அதை நினைக்கிறேன்.

வெள்ளைக்கார ஆண்கள் கூட்டத்தில் நீங்கள் ஒரு தமிழ்ப் பெண். பயமாக இல்லையா? (சென்னை வாசகி)

முதல் வருடம் இருந்தது. மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பண்ணை வீட்டுக்குள் நுழைந்தபோது பதினோரு பேர், அதில் என் தோழியைத் தவிர எல்லோரும் ஆண்கள். மூலையில் ஷீப்ஸ்ஹெட் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த ஆட்டம் அது, இந்த மாநிலத்தில் தாத்தாக்களுக்கு உயிர். என்னைப் பார்த்ததும் ஆட்டம் ஒரு நொடி நின்றது. பெரியவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இவளுக்குக் காற்றைப் படிக்கத் தெரியும்" என்றார். அவ்வளவுதான் அறிமுகம். அடுத்த கேள்வி நான் எந்த நாட்டுக்காரி என்பதாக இருக்கவில்லை, கிழக்குச் சரிவில் இந்த வருடம் ஓக் கொட்டை விழுந்திருக்கிறதா என்பதுதான்.

இந்த மாநிலத்தில் துப்பாக்கி சீசனுக்கு ஐந்து லட்சம் பேருக்கு மேல் உரிமம் வாங்குகிறார்கள். தொடக்க நாளுக்கு முந்தைய இரவு எங்களைப் போல எத்தனை வீடுகளில் விளக்கு எரியும் என்று நினைத்துப் பாருங்கள். காலை நாலரைக்கு எழுந்து, யாரும் யாரோடும் பேசாமல், இருட்டில் பனி நறநறக்க ஆளுக்கொரு திசையில் நடப்போம். மைனஸ் 12 டிகிரியில் நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். கால் விரல் மரத்துப்போகும். நடுவில் ஒரு வெடிச் சத்தம் தூரத்தில் கேட்டால், அது யார், எந்தப் பரண் என்று மனசு கணக்குப் போடும். மதியம் எல்லோரும் திரும்பி வந்து, பார்த்ததைச் சொல்லிச் சொல்லி மாய்வோம். சுட்டவரைவிடச் சுடாமல் வந்தவரிடம்தான் கதை அதிகம். யாருக்கு மான் விழுந்தாலும் கொட்டகையில் எல்லோரும் சேர்ந்துதான் உரிப்போம். கறியில் பங்கு கேட்டு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், ஆனால் எல்லோர் வண்டியிலும் ஒரு பொட்டலம் ஏறியிருக்கும்.

குடலை எடுக்கும் வேலையில் எனக்கு முதல் நாளே மரியாதை கிடைத்துவிட்டது. ஆட்டில் பார்த்துப் பழகிய கை. ஈரல், சுவரொட்டி, நுரையீரல் எல்லாம் அதே இடத்தில் இருந்தன. தாத்தா சொல்வார், பித்தப்பை உடைந்தால் ஈரல் கசக்கும், முதலில் அதை எடுத்துவிடு என்று. நான் பித்தப்பையைத் தேடிக்கொண்டே இருந்தேன், கிடைக்கவில்லை. கத்தி பட்டு உடைந்துவிட்டதோ என்று பதறினேன். பெரியவர் சிரித்தார். மானுக்குப் பித்தப்பையே கிடையாதாம். தாத்தாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டதே என்று அன்று ஏனோ கண் கலங்கியது.

என் அனுபவம் நல்லதாக அமைந்தது. எல்லாக் கூடாரமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தவர் ஒருவர் அழைத்துப் போகட்டும், முதல் வருடம் துப்பாக்கி இல்லாமல் போய் உட்கார்ந்து பாருங்கள்.

மான் கறி கடையில் வாங்க முடியுமா? நம் சமையலுக்கு ஒத்துவருமா? (பல வாசகர்கள்)

காட்டு மான் கறியை விற்கவே கூடாது, அது சட்டம். அதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தைக்காக மானைச் சுட்டு ரயில் ரயிலாக அனுப்பியே ஒழித்தார்கள். 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்க வெள்ளைவால் மான் சில லட்சம்தான் மிஞ்சியது. சட்டம் வந்து, விற்பனை நின்று, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போட்ட வரிப் பணத்தை 1937-ல் வந்த சட்டப்படி காட்டுக்கே செலவழித்து, இப்போது கோடிக் கணக்கில் இருக்கின்றன. உணவகத்தில் கிடைப்பது பண்ணை மான், பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து வருவது.

சமையலுக்கு வருவோம். மான் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, இருக்கிற கொழுப்பும் ஆறினால் மெழுகு போல மேலண்ணத்தில் ஒட்டும். அதனால் வெள்ளைக் கொழுப்பையும் கறியின் மேல் இருக்கும் வெள்ளி நிறச் சவ்வையும் பொறுமையாகச் சீவி எடுங்கள். "காட்டு வாடை" என்று மக்கள் சொல்வதில் பாதி இந்தக் கொழுப்பு, மீதி கறியைச் சீக்கிரம் குளிரவைக்காததால் வருவது. குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், ஈயத் துகள் இருக்கும். நான் இப்போது செம்புத் தோட்டாவுக்கு மாறிவிட்டேன்.

முதுகுச் சதையைக் குழம்பில் போட்டு வீணாக்காதீர்கள். மிளகும் உப்பும் தடவி இரும்புக் கல்லில் சூடாகப் புரட்டி எடுத்தால் போதும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மட்டும் எந்தத் துண்டையும் முழுக்க வேகவையுங்கள். கெண்டைக்கால் கறிதான் நம் கைக்கு ஏற்றது. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மல்லி அரைத்துப் போட்டுக் குறைந்த தீயில் மூன்று மணி நேரம். குக்கரில் அவசரப்பட்டால் நார் நாராகக் காய்ந்துவிடும். கடைசியில் நல்லெண்ணெயும் இடித்த மிளகும் விட்டுச் சுருட்டினால் சுக்கா. கோலா உருண்டைக்குக் கொத்துக்கறியில் நாலில் ஒரு பங்கு ஆட்டுக் கொழுப்புச் சேருங்கள், இல்லாவிட்டால் உதிரும்.

உப்புக்கண்டமும் போடுகிறேன். நம் ஊர் வெயில் நவம்பரில் இங்கே ஏது? மெல்லிய வார்களாக நறுக்கி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் பூண்டு அரைத்துப் பிசறி ஒரு இரவு ஊறவைப்பேன். மறுநாள் ஓவனில் தட்டில் பரப்பிக் கறியின் உள்சூடு 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை வைத்து, அதற்கப்புறம்தான் உலர்த்தும் கருவியில் போடுவேன். ஆறேழு மணி நேரம் ஆகும். வளைத்தால் விரிசல் விட வேண்டும், முறியக் கூடாது. ஆறிய பிறகு புட்டியில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். எண்ணெயில் பொரித்துப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால், எங்கள் அம்மா மேடிசன் வந்தபோது கேட்டதுபோல, நீங்களும் இரண்டாவது தட்டு கேட்பீர்கள்.